சுடாத பூச்சிகள்

அச்சரப்பாக்கம்
14.6.1998

சாலமோன் அவர்களுக்கு,

'அன்புள்ள' என்று ஆரம்பித்த தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். நலமா என்று கேட்கப்போவதில்லை.

போன வாரம் ஏசுபாதம் அண்ணன் கோவளம் வந்து உங்களைப் பார்த்தானாம். "ஏன் மாப்ள, ஹெலனை ஒரு தரம் கூட வந்து பாக்கலியே?" என்று கேட்டானாம். "ஓட்டல்ல வேல ஜாஸ்தி மச்சான், ஆளு கம்மி" என்றீர்களாம். அதை அப்படியே நம்பிக்கொண்டு வந்து என்னிடம் ஒப்பித்தான். வெள்ளைக்காரர்கள் வராத ஜூன் மாதத்தில் மாமல்லபுரம் கடற்கரை ஓட்டலில் ஒரு எலக்ட்ரீஷியனுக்கு என்ன வேலை இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

உங்கள் ஓட்டலில் ரூம் பெருக்கும் வேண்டா ஏதோ வேலையாகச் செங்கல்பட்டு வந்தவள், கோர்ட்டு வாசலில் என்னைப் பார்த்துவிட்டாள். "அண்ணாத்த டூட்டி முடிஞ்சாலும் வூட்டுக்குப் போறதில்லக்கா. கேம் ரூம்ல அந்தப் பொட்டி முன்னாடி நின்னுகினே கீது. கூப்டா திரும்பறது இல்ல. சோறு துன்னியான்னா பதில் இல்ல. இன்னா ஆச்சுன்னு எங்களுக்கே பேஜாரா கீது" என்றாள். நான் சிரித்து மழுப்பிவிட்டு உள்ளே போய் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ஒரு வாதி பெயரை மூன்று விதமாகத் தப்பாக அடித்தேன்.

ஏப்ரலில் நம் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு ஒரு மாதம் கோவளத்தில் உங்களோடுதான் இருந்தேன். அந்த மாதத்தில் நீங்கள் என்னிடம் பேசியதையெல்லாம் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். காலையில் போவீர்கள், கடைசி பஸ்ஸுக்கு வருவீர்கள், சுவரைப் பார்த்துப் படுப்பீர்கள். அதனால்தான் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பி வந்தேன். நீங்கள் அடித்தீர்கள் என்றோ குடித்தீர்கள் என்றோ இங்கே யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர்களுக்குப் புரிந்திருக்கும்.

என் காட்டன் புடவைகளையும் குடையையும் அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் வர வேண்டாம்.

மன்னிப்பு, சமாதானம், வேத வசனம் எதுவும் எழுத வேண்டாம். ஒன்றே ஒன்றுக்குப் பதில் எழுதுங்கள். அந்தப் பெட்டிக்குள் அப்படி என்ன இருக்கிறது?

ஹெலன்


கோவளம்
22.6.1998

அன்புள்ள ஹெலன்,

உன் கடிதம் வந்தது. ஐ.டி.ஐ. பரீட்சைக்குப் பிறகு நான் நீளமாக எதுவும் எழுதியதில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நீ கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.

வேண்டா சொன்னது உண்மை.

பெட்டி ஆளுயரம் இருக்கும். நெஞ்சு உயரத்தில் டி.வி. மாதிரி ஒரு கண்ணாடி. அதற்கு மேல் 'கேலகா' என்று இங்கிலீஷில் போட்டிருக்கும். ஜப்பான்காரன் செய்த ஆட்டம். விருந்தாளிகளின் பிள்ளைகளுக்காக எப்போதோ வாங்கிப் போட்டது. பிள்ளைகள் நீச்சல் குளத்தை விட்டு இந்தப் பக்கம் வருவதில்லை. பழுது பார்க்கத்தான் முதலில் திறந்தேன். சரிசெய்த பிறகு ஓடுகிறதா என்று ஆடிப் பார்த்தேன். அப்படி ஆரம்பித்தது.

திரை முழுக்கக் கறுப்பு. நட்சத்திரங்கள் மேலிருந்து வழிந்துகொண்டே இருக்கும், நாம் எங்கேயோ வேகமாகப் போய்க்கொண்டிருப்பது மாதிரி. அடியில் வெள்ளையாக ஒரு ஆகாயக் கப்பல். அதுதான் நாம். இடது கையில் ஒரு தடி. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்ளலாம், மேலே போக முடியாது. வலது கையில் ஒரு பட்டன். அழுத்தினால் குண்டு கிளம்பும். நமக்குக் கொடுத்திருப்பது அவ்வளவுதான்.

பிறகு பூச்சிகள் வரும். கூட்டம் கூட்டமாக, வளைந்து சுழன்று வந்து, மேலே போய் வரிசை கட்டி நிற்கும். கீழ் வரிசைகளில் நீலமும் மஞ்சளுமாகத் தேனீக்கள். அதற்கு மேலே சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டாம்பூச்சிகள். எல்லாவற்றுக்கும் உச்சியில் பச்சை நிறத்தில் நான்கு பெரியவை. அவற்றை நான் 'பாஸ்' என்று சொல்வேன். பாஸ் ஒரு அடியில் சாகாது. முதல் அடியில் நிறம் மாறி நீலமாகும், இரண்டாவதில்தான் போகும். வரிசையில் நின்ற பிறகும் இவை சும்மா இருக்காது. ஒன்றிரண்டாகப் பிரிந்து, குண்டு போட்டுக்கொண்டே நம் மேல் பாயும். நாம் விலகிக்கொண்டால் அடியில் மறைந்து, மறுபடி மேலே வந்து தன் இடத்தில் நின்றுகொள்ளும். எல்லாவற்றையும் அடித்தால் அடுத்த கட்டம். அதில் இன்னும் வேகம்.

இதில் விசேஷம் ஒன்று உண்டு. பாஸ் சில சமயம் பாதிவரை இறங்கி நின்றுகொண்டு, விசிறி மாதிரி ஒரு நீல வெளிச்சத்தை விரிக்கும். அதற்குள் போனால் நம் கப்பல் சுழன்றுகொண்டே மேலே இழுபட்டுப் போகும். சிவப்பாக மாறி அந்த பாஸோடு ஒட்டிக்கொள்ளும். கையில் வேறு கப்பல் மிச்சமிருந்தால்தான் ஆட்டம் தொடரும். அந்த பாஸ் கைதியையும் கூட்டிக்கொண்டு கீழே பாயும்போது, பாஸை மட்டும் குறிபார்த்து அடிக்க வேண்டும். அடித்துவிட்டால் கைதி இறங்கி வந்து நம் பக்கத்தில் சேர்ந்துகொள்ளும். இரட்டைக் கப்பல், இரட்டைக் குண்டு. ஆனால் அகலமும் இரண்டு மடங்கு என்பதால் அடிபடுவதும் சுலபம். குறி தவறினால் நம் கப்பலை நாமே சுட்டுவிடுவோம். அதனால் பல பேர் வெளிச்சத்தைக் கண்டாலே ஓடிவிடுவார்கள். நான் வேண்டுமென்றே போய் மாட்டிக்கொள்வேன்.

இவ்வளவுதான். எழுதிப் பார்க்கும்போது இதில் ஒன்றும் இல்லை என்றுதான் தோன்றுகிறது.

புடவைகளை மடித்து வைத்திருக்கிறேன். குடையில் ஒரு கம்பி விட்டிருந்தது, சரிசெய்துவிட்டேன்.

அன்புடன்,
சாலமோன்


அச்சரப்பாக்கம்
9.7.1998

சாலமோன் அவர்களுக்கு,

புடவையும் குடையும் வந்தன.

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நான்கு பக்கம். தேனீக்கு என்ன நிறம், பட்டாம்பூச்சிக்கு என்ன நிறம், பச்சை எப்போது நீலமாகும் என்று எல்லாம் இருக்கிறது. இவ்வளவு உற்றுப் பார்க்கத் தெரிந்தவர் நீங்கள் என்று கல்யாணமாகி மூன்று வருடத்தில் எனக்குத் தெரியவில்லையே என்று ஆத்திரமாக வந்தது.

நீங்கள் எழுதியது நிஜம்தானா என்று பார்க்கக் கிளம்பினேன். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தாமோதரன் என்பவர் வீடியோ கேம்ஸ் கடை வைத்திருக்கிறார். கோர்ட்டில் மதியச் சாப்பாட்டுக்கு விடும்போது டிபன் டப்பாவைக் கூடத் திறக்காமல் போனேன். வாசலில் துணித் திரை. உள்ளே இருட்டு, சத்தம், வேர்வை நாற்றம். காலேஜ் பசங்கள் கும்பலாக நின்றார்கள். என்னைப் பார்த்ததும் தாமோதரன் பதறிப்போய் எழுந்தார்.

"இன்னாம்மா, பையனைத் தேடிகினு வந்தியா? ஸ்கூல் பசங்கள நான் உள்ள வுடறதே இல்லம்மா."

புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டேன். பிறகு, "இல்லைங்க, நான் ஆட வந்தேன்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். கேலகா இருக்கிறதா என்று கேட்டதும் பசங்கள் சிரித்தார்கள். அது பழசாம். இப்போது எல்லாரும் ஆளை ஆள் குத்துகிற ஆட்டம்தான் ஆடுகிறார்களாம். அது மூலையில் தனியாக நின்றது.

முதல் நாள் கண் சிமிட்டுவதற்குள், ஒரு ஆட்டத்துக்குக் கொடுக்கிற மூன்று கப்பலும் போய்விட்டன. நான் டைப் அடிக்கிற வேகத்தில் பட்டனை அடித்தேன். "அக்கா, பட்டன் ஒடஞ்சிடப்போவுது" என்று ஒருவன் கத்தினான். நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றை அவன்தான் சொல்லிக் கொடுத்தான். திரையில் ஒரே சமயத்தில் நம் குண்டு இரண்டுதான் இருக்க முடியுமாம். அவை எதன் மேலாவது படும் வரை, அல்லது மேலே போய் மறையும் வரை, எத்தனை அழுத்தினாலும் மூன்றாவது கிளம்பாது. தப்பாகச் சுட்டால் கைகட்டி நிற்க வேண்டும், அந்த நேரத்தில்தான் பூச்சி பாயும். இதை ஏன் எனக்கு எழுதவில்லை? உங்களுக்குப் பழகிப்போனதால் சொல்லத் தேவையில்லை என்று விட்டுவிட்டீர்கள். எல்லாவற்றிலும் அப்படித்தான் செய்கிறீர்கள்.

இரண்டு கட்டம் தாண்டினால் சும்மா பறந்துபோகும் பூச்சிகள் வருகின்றன. அவை நம்மைத் தாக்குவதில்லை. அது முடிந்ததும் எத்தனை அடித்தோம் என்று திரையில் எழுத்து வருகிறது. இப்போது அந்தக் கட்டம் வரை போகிறேன்.

ஆபீசுக்குத் திரும்பி உட்கார்ந்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. ஆடிக்கொண்டிருந்த நேரம் முழுக்க என் வயிறு காலியாக இருக்கிறது என்ற நினைப்பே வரவில்லை. ஏப்ரலுக்குப் பிறகு அப்படி ஒரு நேரம் எனக்கு இருந்ததில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது. மறுநாளும் போனேன். அதற்கடுத்த நாளும்.

அண்ணன் வீட்டில் என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அண்ணி கையிலிருந்து வேலையைப் பிடுங்குகிறேன், பாதியில் விட்டுவிட்டு ஜி.எஸ்.டி. ரோடு வரை நடக்கிறேன். லாரிகள் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். எங்கே போகிறாய் என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை.

ஹெலன்


கோவளம்
20.7.1998

அன்புள்ள ஹெலன்,

நீ ஆடுகிறாய் என்று படித்ததும் எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸை விட்டுவிட்டுக் கடற்கரையில் வெகுதூரம் நடந்தேன். வழியில் படகுக்காரர் ஒருவர் "இன்னா சாலமோன், லாட்டரி அடிச்சிச்சா?" என்று கேட்டார்.

இரண்டு குண்டு விஷயத்தை எழுதாதது என் தப்பு. இன்னும் சில விஷயங்கள் சொல்கிறேன். ஓரத்தில் ஒதுங்கி நிற்காதே, அங்கே மாட்டினால் ஓட ஒரு பக்கம்தான் இருக்கும். நடுவில் நில். பூச்சிகள் வரிசைக்கு வந்து நிற்பதற்கு முன்னால், உள்ளே நுழையும்போதே பாதியைக் காலி பண்ணிவிடு. முதலில் பாஸை ஒரு அடி அடித்து வைத்துக்கொள். பிறகு வேண்டும்போது ஒரே குண்டில் முடிக்கலாம்.

நானாகக் கண்டுபிடித்த ஒன்றும் இருக்கிறது. வேறு யாருக்கும் சொன்னதில்லை. முதல் கட்டத்தில் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, இடது ஓரத்தில் நிற்கும் இரண்டு தேனீக்களை மட்டும் விட்டுவை. அவை பாய்ந்துகொண்டே இருக்கும், சுட்டுக்கொண்டே இருக்கும். நீ சுடக் கூடாது. விலகிக்கொண்டே இரு. வெகுநேரம் ஆகும், கை வலிக்கும். கடைசியில் அவை சுடுவதை நிறுத்திவிடும். சும்மா பறந்துபோகும். உள்ளே ஏதோ கணக்கு தவறிவிடுகிறது என்று நினைக்கிறேன். அதன் பிறகு அந்த இரண்டையும் அடித்துவிட்டால், ஆட்டம் முடியும் வரை எந்தப் பூச்சியும் உன்னைச் சுடாது. மேலே வந்து மோதினால்தான் உண்டு. எத்தனை நேரம் வேண்டுமானாலும் ஆடலாம். நான் அப்படித்தான் ஆடுகிறேன்.

ஒரு நல்ல சேதி. ஓட்டலில் கேம் ரூமை எடுத்துவிட்டு அங்கே எண்ணெய் மசாஜ் செய்யும் இடம் கட்டப்போகிறார்களாம். பெட்டியை என்ன செய்வது என்று மேனேஜர் கேட்டார். வேண்டுமென்றால் நீயே எடுத்துக்கொண்டு போ என்கிறார். நம் வீட்டில் வைத்தால் நீயும் செங்கல்பட்டில் அந்தக் கும்பலுக்கு நடுவே போய் நிற்க வேண்டியதில்லை. இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஆடலாம். அளந்து பார்த்தேன். முன்னறையில் கொள்ளாது. சின்ன ரூமில் சரியாக நிற்கும், அங்கே பிளக் பாயிண்டும் இருக்கிறது.

நீ என்ன சொல்கிறாய்?

அன்புடன்,
சாலமோன்


அச்சரப்பாக்கம்
3.8.1998

சாலமோன்,

சின்ன ரூமில்.

அந்த ரூமுக்கு மார்ச் மாதத்தில் நீங்களேதான் பச்சை பெயிண்ட் அடித்தீர்கள். எதற்காக அடித்தீர்கள் என்று ஒருமுறை உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். அந்த பிளக் பாயிண்டை யாருக்காகக் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்தீர்கள் என்றும் யோசித்துப் பாருங்கள். டேப்பை எடுத்துக்கொண்டு போய் அந்த ரூமை அளக்க உங்கள் கை எப்படி வந்தது?

இந்தக் கடிதத்தை உடனே எழுதியிருப்பேன். உங்கள் வித்தையை ஒருமுறை செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று பொறுத்தேன். அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். இரண்டு தேனீக்களை மிச்சம் வைத்தேன். அவை பாய்ந்தன, நான் விலகினேன். பாய்ந்தன, விலகினேன். பின்னால் நின்ற பசங்கள் "சுடுக்கா, சுடுக்கா" என்று கத்தி அலுத்துப்போய் வேறு பெட்டிக்குப் போய்விட்டார்கள். தாமோதரன் வந்து, "இன்னாம்மா, பொட்டி ரிப்பேரா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நீங்கள் சொன்ன மாதிரியே நடந்தது. அவை சுடுவதை நிறுத்தின. அதற்குப் பிறகு ஒன்றும் என்னைச் சுடவில்லை. கட்டம் மேல் கட்டமாகப் போய்க்கொண்டே இருந்தேன். எல்லாரும் கூடி நின்று கைதட்டினார்கள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தடியை விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

எதுவுமே உன்னைச் சுடாத ஒரு இடத்தைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டு, நீ மட்டும் அங்கே போய் நின்றுகொண்டாய். என்னை வீட்டில் விட்டுவிட்டுப் போனாய். அந்த ஒரு மாதமும் என் மார்பில் பால் கட்டிக்கொண்டு வலித்தது. ராத்திரி எல்லாம் துணியை நனைத்துப் போட்டுக்கொண்டு கிடந்தேன். அதை உன்னிடம் சொல்லலாம் என்றால் நீ திரும்பிப் படுத்திருப்பாய்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நான் கண் விழித்து உங்களைத் தேடினேன். நர்ஸ் வந்து, "உங்க வீட்டுக்காரர் வராண்டால நின்னுபோன ஃபேனைக் கழட்டி சரி பண்ணிட்டிருக்காரும்மா, ரொம்ப நல்ல மனுஷன்" என்றார். நான் உள்ளே படுத்திருக்கிறேன். நீங்கள் ஏணி மேல் நின்று ஃபேனைப் பார்க்கிறீர்கள்.

குழந்தையை எனக்குக் காட்டவில்லை. பார்த்தால் தாங்க மாட்டாள் என்று அம்மாவும் அண்ணியும் முடிவு பண்ணிவிட்டார்கள். மயக்கத்தில் இருந்த எனக்கு யாருடனும் சண்டை போடத் தெம்பில்லை. அண்ணனிடம் கேட்டேன். "துணி சுத்தி இருந்துச்சு ஹெலன், நான் பாக்கல. மாப்ளதான் மடியில வச்சிருந்தாரு" என்றான். பொண்ணு என்பதைக் கூட ஆயாம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

நம் குடும்பத்தில் அவள் முகத்தைப் பார்த்தது நீங்கள் ஒருத்தர்தான். பூச்சிகளை நிறம் நிறமாக நான்கு பக்கம் எழுதத் தெரிகிறதே. என் மகள் எப்படி இருந்தாள் என்று எழுதுங்கள். அதை எழுதும் வரை வேறு ஒரு வரியும் எனக்கு வேண்டாம். பெட்டியை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள். அது வீட்டுக்குள் வந்தால் நான் வர மாட்டேன்.

ஹெலன்


கோவளம்
12.8.1998

ஹெலன்,

எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. கொஞ்சம் பொறு.

சாலமோன்


அச்சரப்பாக்கம்
17.8.1998

பொறுக்க மாட்டேன். ஏப்ரலிலிருந்து பொறுத்துவிட்டேன்.

ஹெலன்


கோவளம்
6.9.1998

அன்புள்ள ஹெலன்,

இன்று ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போகவில்லை. காலையிலிருந்து சின்ன ரூமில் தரையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இடையில் பல தடவை எழுந்து போனேன். குழாயில் வாஷர் மாற்றினேன். வெளி லைட்டைக் கழற்றித் துடைத்தேன். துடைக்க வேண்டியது எதுவும் மிச்சமில்லை என்று ஆன பிறகு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் அவளை என் கையில் கொடுத்தார்கள். பச்சைத் துணியில் சுற்றியிருந்தார்கள். ஏசுபாதம் மச்சான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார், நான் பின் சீட்டில் உட்கார்ந்தேன். வண்டி ஊரைத் தாண்டிய பிறகு துணியை விலக்கிப் பார்த்தேன்.

தலை நிறைய முடி. நல்ல கறுப்பு, நெற்றியில் ஒட்டியிருந்தது. நெற்றி உன்னுடையது. அகலமாக, நடுவில் லேசாகப் பள்ளம் விழுந்து, நீ கணக்குப் போடும்போது தெரியுமே, அதே மாதிரி. புருவம் இன்னும் சரியாக வரவில்லை, மெல்லிசாகக் கோடு போட்ட மாதிரி இருந்தது. கண் மூடியிருந்தது. இமையில் முடி இருந்தது. மூக்கு சின்னது, யாருடைய மூக்கு என்று சொல்ல முடியவில்லை. உதடு கறுத்திருந்தது. இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். நீ கேட்டுவிட்டாய், அதனால் எழுதுகிறேன். இடது காதின் மேல் பக்கம் மடிந்திருந்தது, என் காது மாதிரி. விரலால் நிமிர்த்திவிட்டேன். மறுபடி மடிந்துகொண்டது.

கன்னம் உப்பியிருந்தது. கை இரண்டும் மூடியிருந்தன. நகம் வளர்ந்திருந்தது, வெட்ட வேண்டிய அளவுக்கு. காலில் கட்டைவிரலுக்கு அடுத்த விரல் நீளம், உனக்கு இருப்பது போல. நிறம் உன் நிறம்.

கனமாக இருந்தாள், ஹெலன். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அவ்வளவு கனம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. திருப்போரூரில் வண்டி திரும்பியபோது அவள் தலை சாய்ந்தது. தூங்குகிற குழந்தையைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டேன். அதன் பிறகு கோவளம் வரும் வரை கையை எடுக்கவில்லை. மச்சான் முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். நான் அழவில்லை. அசைந்தால் அவள் விழித்துக்கொள்வாள் என்பது மாதிரி உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் உன் கல்யாணப் புடவையிலிருந்து ஒரு முழம் கிழித்து அவளுக்குப் போர்த்தினேன். உன்னைக் கேட்கவில்லை. பீரோவில் அந்தப் புடவை மடிப்பின் உள்பக்கம் கிழிந்துதான் இருக்கிறது. என்றாவது நீ பிரித்துப் பார்ப்பாய் என்று தினமும் பயந்தேன்.

கல்லறைத் தோட்டத்தில் கடல் பக்கத்துச் சுவரை ஒட்டி வைத்தோம். கல் எதுவும் வைக்கவில்லை. எனக்கு இடம் தெரியும்.

ஃபேன் விஷயம். உள்ளே வந்தால் நீ என் முகத்தைப் பார்த்துக் கேட்பாய், நான் சொல்ல வேண்டும். வெளியே ஒரு ஃபேன் ஓடாமல் நின்றுகொண்டிருந்தது. அதை என்னால் ஓட வைக்க முடியும் என்று தெரிந்தது. வேறு எதையும் என்னால் செய்ய முடியவில்லை. அதனால் ஏணியில் ஏறினேன். வீட்டுக்கு வந்த பிறகும் உன் முகத்தைப் பார்த்தால் அவள் நெற்றிதான் தெரிந்தது. அதனால்தான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். உன் வலி எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். தெரியும். அந்த ஈரத் துணிகளைக் காலையில் நான்தான் அலசிக் காயப்போட்டேன்.

பெட்டி வேண்டாம் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கே என்று கேட்கவில்லை. கை இரண்டும் என்ன செய்வது என்று தெரியாமல் அலைகின்றன. கடைசி பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். வந்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

வா என்று கேட்க எனக்கு வாயில்லை. அவளைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் சொல். இடத்தைக் காட்டுகிறேன்.

சாலமோன்


செங்கல்பட்டு
28.9.1998

அன்புள்ள சாலமோன்,

இதை ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிறேன். மாஜிஸ்திரேட் லீவு.

அன்றைக்கு அவள் இடத்தைப் பார்க்கக் கோவளம் வந்தபோது உங்களோடு சரியாகப் பேசவில்லை. அந்தச் சுவர் ஓரத்து மண்ணில் நீங்கள் விரலால் கோடு கிழித்து, "தலை இந்தப் பக்கம், கால் இந்தப் பக்கம்" என்று காட்டினீர்களே, அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இத்தனை மாதமும் அவள் எங்கேயோ ஒரு இடத்தில் தனியாக அலைந்துகொண்டிருப்பது மாதிரியே இருந்தது. அதனால்தான் என்னாலும் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

புடவையைப் பிரித்துப் பார்த்தேன். ஒழுங்காக நூல் பிடித்துத்தான் கிழித்திருக்கிறீர்கள். அதை நான் தைக்கப்போவதில்லை.

வீட்டுக்குள் வந்து சின்ன ரூமில் நின்றேன் இல்லையா, அப்போதே தெரிந்துவிட்டது. என்னால் அந்த வீட்டில் இருக்க முடியாது. உங்களை விட்டு இருக்க முடியாது என்பதும் அதே நேரத்தில்தான் தெரிந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது இரண்டையும் வைத்துக்கொண்டு குழம்பினேன். உங்களிடம் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். மாதக்கணக்கில் உங்கள் மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தவள் நான். அது இருக்கிறது. பக்கத்தில் இருந்து கோபப்படுகிறேன்.

தாமோதரன் கடைக்கு இப்போது போவதில்லை. போன வாரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்துவிட்டு, "இன்னாம்மா ஆளையே காணோம், பசங்க உன்னத் தேடிகினு கீறாங்க" என்றார். வேலை அதிகம் என்றேன். உங்கள் பொய்யை நானும் சொல்லிவிட்டேன்.

விஷயம் இதுதான். திருக்கழுக்குன்றத்தில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன். அங்கிருந்து நீங்கள் மாமல்லபுரம் போகவும், நான் செங்கல்பட்டு வரவும் பஸ் இருக்கிறது. கோவளமும் இல்லை, அச்சரப்பாக்கமும் இல்லை. மாடியில் ஒரு ரூம், ஒரு சமையலறை, கொஞ்சம் மொட்டைமாடி. வயரிங் எல்லாம் பழசு, நீங்கள் பார்த்தால் திட்டுவீர்கள். வீட்டுக்கார அம்மா பெயர் ஞானம்பாள். பேச்சு கறார்.

"எத்தினி பேருமா நீங்க?" என்று கேட்டார்.

"ரெண்டு பேரும்மா. நானும் எங்க வீட்டுக்காரரும்."

"கொயந்த கிடையாதா?"

இத்தனை மாதத்தில் பஸ்ஸில், ஆபீசில், சர்ச்சில் எத்தனையோ பேர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். 'இல்லை' என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நாள் முழுக்க எதையோ திருடிய மாதிரி இருக்கும். அன்றைக்கு அந்தப் படிக்கட்டில் நின்றுகொண்டு, "ஒரு பொண்ணு பொறந்தாம்மா. உசுரோட இல்ல. இப்ப நாங்க ரெண்டு பேர்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். கீழே துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

ஞானம்பாள் அம்மா கொஞ்ச நேரம் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். பிறகு ஜன்னலைத் திறந்து, "காத்து நல்லா வரும்மா, வீட்டுக்காரர கூட்டிகினு வா" என்றார்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் நேராகத் திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள். அங்கே நிற்பேன். அந்த அம்மா உங்களிடமும் கேட்பார். நான் சொன்னதையே நீங்களும் சொல்லுங்கள். குழந்தை இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள்
ஹெலன்